ஹவுசிங்குக்கு நான்கு டயர்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலையில் டிரைவர் மாரிக்கண்ணன் வந்தார். வருகிற திங்கள் வண்டி கட்டாக்குக்குப் பட்டாசு லோடு ஏற்றுகிறது. அதற்குள் பின் டயர் நான்கை மாற்ற வேண்டுமாம்.

வீட்டுக்காரர் இருந்தவரை இந்தப் பேச்செல்லாம் என் காதுக்கு வந்ததில்லை. மார்ச்சில் அவர் போனார். லாரி என் பேருக்கு வந்தது. முப்பத்துமூன்று வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் இப்போது பத்துச் சக்கர லாரிக்கு ஓனர்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். மாரிக்கண்ணன் பொறுமையாகச் சொன்னார்.

“முன்னால ரெண்டும் வழி காட்டுறது டீச்சர். கடைசி அச்சு டம்மி, சும்மா கூடவே உருளும். நடு அச்சுதான் ஹவுசிங். இன்ஜின் சுத்துறது அந்த நாலு டயரத்தான். வண்டியத் தள்ளுறதும் அது, மழையில தரையப் பிடிக்கிறதும் அது. அண்ணாச்சி வருசா வருசம் சீசனுக்கு முன்னாடி ஹவுசிங்குக்கு நாலும் புதுசு போட்டுருவாக. கழட்டுனத டம்மிக்கு மாத்திருவாக.”

“வருசா வருசம் எதுக்குப் புதுசு?”

“அண்ணாச்சி போடுவாக, நான் ஓட்டுவேன். கேட்டதில்ல டீச்சர்.”

பதினொரு வருடமாக ஓட்டுகிறவர். நானும்தான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே. டயர் என்ன, பெரிய வித்தையா?

14 ஆகஸ்ட், புதன்

விருதுநகர் பஸ்ஸில் போய் டயர் கடைக்காரர் சீனிவாசகத்தைப் பார்த்தேன். “எம் பொண்ணு உங்ககிட்ட படிச்சவ. உங்களுக்குத் தப்பாச் சொன்னா என்னைய வீட்ல சேக்க மாட்டா” என்று நாற்காலி போட்டார்.

ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். நீளக் கோடு கோடாக இருப்பது முன் சக்கரத்துக்கு. கட்டை கட்டையாக வெட்டியிருப்பது ஹவுசிங்குக்கு, இழுவைக்கு. புதியது வேண்டாம் என்றால் ரீட்ரேட்: தேய்ந்த டயரின் மேல் புதுத் தோல் ஒட்டித் தருவார்கள். பார்த்தால் புதிது மாதிரியே இருக்கிறது. பாதி விலைகூட இல்லை.

“எது போடலாம்?”

“என்ன லோடு ஏத்துவீக?”

“பட்டாசு.”

“அப்ப ரீட்ரேடே போதும் டீச்சர். பட்டாசு இடத்தத்தான் அடைக்கும், எடை இருக்காது. எம்புட்டுத் திணிச்சாலும் ஒன்பது டன்னு. வண்டி தாங்குறது பத்தொன்பது.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டேன். ரொம்ப நாள் கழித்து ஒன்றைப் புதிதாகப் படித்த மாதிரி இருந்தது.

16 ஆகஸ்ட், வெள்ளி

மாரிக்கண்ணனை வரச்சொல்லி முடிவைச் சொன்னேன். ரீட்ரேட். அவர் முகம் சரியில்லை. உத்தரவு போட்டு அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை. புரியவைத்தால்தான் மனது ஆறும்.

“ரெண்டு பேர் நடக்காங்க. ஒருத்தர் தலையில தண்ணிக் குடம். இன்னொருத்தர் தலையில பூக்கூடை. யார் செருப்பு முதல்ல பிய்யும்?”

“குடம் வச்சிருக்கவருக்கு.”

“நம்ம வண்டி தூக்குறது குடமா, பூக்கூடையா?”

சிரித்துவிட்டார். “பூக்கூடைதான் டீச்சர். ஆனா வரும்போது...” என்று ஏதோ ஆரம்பித்தார். சொல்லி முடித்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினேன். பூக்கூடைக்காரர் விலை கூடின செருப்பு வாங்கினால் அது யாருக்கு லாபம் என்று கேட்டு முடித்தேன். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று போனார்.

நல்ல உதாரணம். வகுப்பில் அழுத்தம் பாடத்துக்குக்கூட இது தோன்றியதில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நான்கும் மாட்டியாயிற்று. கறுப்பாக, பளபளவென்று, புதுசே தோற்றுப்போகும்.

24 ஆகஸ்ட், சனி

கட்டாக்கில் லோடு இறக்கியாயிற்று என்று மாரிக்கண்ணன் போன் செய்தார். டயர் எப்படி என்று கேட்டேன். “ஒரு கொறையும் இல்ல டீச்சர், பூக்கூடை பத்திரமாப் போயிருச்சு.” உதாரணத்தை நினைவு வைத்திருக்கிறார்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

ஓங்கோல் பக்கம் வண்டி கவிழ்ந்துவிட்டது.

காலை பத்தரைக்குப் போன். தெலுங்கு. பக்கத்து வீட்டு ரோஜா வாங்கிப் பேசினாள். மழையாம். ஹவுசிங் டயரின் தோல் உரிந்து, கூட இருந்த டயரும் வெடித்து, வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். பேப்பர் ரீல் முன்பலகையை உடைத்துக்கொண்டு கேபினுக்குள் வந்துவிட்டதாம்.

பேப்பர் ரீலா? எந்த ரீல்? நம்ம வண்டியில ஏது ரீல்—

ராஜமுந்திரியில் ஏற்றியிருக்கிறார். பத்தொன்பது டன். ஒவ்வொரு முறையும் அதுதான். போகும்போது பட்டாசு, வரும்போது அச்சகத்துக்குப் பேப்பர். எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரர் எத்தனை தடவை சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து “ரீல் இறக்கிட்டு வாரேன்” என்று சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் அடிக்கிற காலண்டருக்கெல்லாம் பேப்பர் என்ன ஆகாசத்துலயிருந்தா வருது?

கடைக்காரர் என்ன லோடு என்று கேட்டார். பட்டாசு என்று சொன்னேன். போகிற வழியை மட்டும் கணக்குப் போட்டேன். எல்லாருக்கும் தெரிந்ததை நான் மட்டும்...

மாரிக்கண்ணன் உயிரோடு இருக்கிறாராம். கால் மாட்டிக்கொண்டது என்கிறார்கள். அவர் மனைவி சோலையம்மாளுக்கு நான்தான் சொல்ல வேண்டும். அவள் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வெளியே கூப்பிட விடுவார்கள்.

29 ஆகஸ்ட், வியாழன். ஓங்கோல்

வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

சோலையம்மாளும் மகள் வேல்விழியும் என்னோடு வந்திருக்கிறார்கள். வேல்விழி என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், இப்போது பி.எஸ்சி. இரண்டாம் வருடம். கையெழுத்துப் போடச் சொன்ன ஒவ்வொரு தாளையும் என்னிடம் கொண்டுவந்து, “டீச்சர், போடலாமா?” என்று கேட்டாள். போடு என்றேன். ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான்.

2 செப்டம்பர், திங்கள். ஓங்கோல்

இன்று பேசினார். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

“அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே மாரி. வரும்போது ரீல் ஏத்துவோம்னுதானே?”

மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஆமா டீச்சர். தப்பு எம் மேலதான். நான் சொல்லியிருக்கணும். நீங்க அம்புட்டு அழகா விளக்கிக்கிட்டு இருந்தீக. குறுக்க பேச மனசு வரல. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

சோலையம்மாள் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சுளையை அவர் வாயில் வைத்துவிட்டுத் தோலை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள், ரொம்ப நேரம்.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இப்படித் தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களோ. அதை அமைதியான வகுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

20 செப்டம்பர், வெள்ளி

போலீஸ் தாளில் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதாக எழுதியிருக்கிறது. மாரிக்கண்ணன் மறுக்கவில்லையாம். வக்கீல் ஒச்சப்பன் படித்துக்காட்டினார்.

மாரிக்கண்ணன் புது டயர் கேட்டார், நான்தான் மறுத்தேன், வரும்போது ஏற்றும் எடையை யோசிக்காமல் விட்டதும் நான்தான் என்று என் கைப்பட எழுதி ஒச்சப்பனிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

“இத அனுப்புனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். கேசு உங்க மேல திரும்பும். யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர்.”

“யோசிச்சுச் செஞ்சதுதான் அங்க கிடக்கு. அனுப்புங்க.”

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. கட்டாக்கில் எங்கள் லோடு இன்று வெடித்திருக்கும். அது பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

11 டிசம்பர், புதன்

இன்சூரன்ஸ் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. வண்டியை உடைக்கிற இடத்துக்குக் கொடுத்தாயிற்று. மாரிக்கண்ணன் மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். ஒச்சப்பன் அதை நல்ல சேதி என்று சொன்னார்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போனேன். போன வாரம் அலைந்து ஒரு வேலை பேசி வைத்திருந்தேன். விருதுநகரில் எடைமேடையில் சீட்டுப் போடுகிற வேலை, நாற்காலியில் உட்கார்ந்தபடி. வேல்விழி படிப்பை விட்டுவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதைத் தடுக்கத்தான் இந்த வேலை. கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டுவது, மீதியை அவர் சம்பளத்தில் ஓட்டுவது என்று தெருவில் நடக்கும்போதே வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு வேலையைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. புரியவைத்துவிடலாம் என்று, “ஒரு உதாரணம் சொல்றேன் மாரி” என்று ஆரம்பித்தேன்.

“செத்த இருங்க டீச்சர்.”

நிறுத்தினேன்.

“நான் பேசி முடிச்சுக்கிடுதேன். கட்டையை ஊனிக்கிட்டு ரெண்டு பஸ்சு மாற என்னால முடியாது. முடிஞ்சாலும், நாள் முழுக்க லாரி வந்து நிக்கிறதயும் போறதயும் பாத்துக்கிட்டு அங்கன உக்கார முடியாது. பீஸ் நீங்க கட்டுவீக. சோத்துக்கு? சோலையம்மா கூலி மருந்துக்கே சரியாப் போவுது. உங்க பென்ஷன்ல சாப்பிட்டா உங்க முகத்தப் பாத்து எனக்குப் பேச்சு வராது. வேல்விழி நாளைக்குக் கம்பெனிக்குப் போறா. நாங்க மூணு பேரும் அழுது முடிச்சு எடுத்த முடிவு.”

மூச்சு வாங்கினார்.

“அவகிட்ட நீங்க ஒண்ணும் பேசக்கூடாது டீச்சர். நீங்க சொன்னா அவ கேட்டுருவா. எனக்கு அதான் பயமா இருக்கு.”

சரி என்றேன்.

வேல்விழி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். குடித்து முடித்துவிட்டு வந்தேன்.