கரி புதைத்த இடம்

வைரபம்பா
6 அக்டோபர் 1973

அன்புத் தங்கை எர்லிந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் வெள்ளை அல்பாகா குட்டி போட்டிருக்கிறது. உன்னைப் போலவே பிடிவாதம், பால் குடிக்கக் கெஞ்ச வைக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனதும் எங்களை மறந்தே விட்டாய்.

அடுத்த மாதம் குஸ்கோவிலிருந்து நில நீதிபதி வருகிறார். ஊற்றும் அதைச் சுற்றிய மேய்ச்சலும் தங்களுடையது என்று உன் புகுந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்களே, அதற்குத்தான். எல்லைக்கல்லுக்கு அடியில் கரி புதைத்தவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பவள் நீ ஒருத்திதான்; ஊர்த்தலைவன் என் சொல்லை நீதிபதி ஏற்க மாட்டார். கல் இப்போது நிற்கும் இடமே சரி என்று சொல்லிவிடு. ஊர்த்தலைவனாக இல்லை, அண்ணனாகக் கேட்கிறேன்.

கிரிசாந்தோ

கொல்கிரி
15 அக்டோபர் 1973

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கார்னிவல் திருவிழா நாள் கண்ணில் வந்து நின்றது. எல்லை தாண்டி மருமகளாகப் போகிறவள் இரண்டு ஊருக்கும் சொந்தம் என்று, பிறந்த வீட்டு அடுப்பிலிருந்து என்னைப் பானையில் நெருப்பு சுமக்க வைத்தார்கள். "கல்லை யாராச்சும் நகத்தலாம்மா, கரி மக்காது" என்றார் அப்பா. குழல் ஊதிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் தடுக்கி விழுந்து பானை விரிசல் விட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியே என் பானைய ஒடச்சிட்டாளே!" என்று அம்மா கத்த, நீ சிரித்த சிரிப்பு! பானையோடு சேர்த்தே புதைத்தோம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அண்ணா.

ஆனால் புதைத்தது ஊற்றைத் தாண்டி உங்கள் பக்கம். கல் இப்போது எங்கள் பக்கம் நிற்கிறது. அதற்குக் கால் முளைத்ததா?

எர்லிந்தா

வைரபம்பா
2 நவம்பர் 1973

எர்லிந்தா,

மழை பொய்த்த வருடம் நம் ஊர்ப் பையன்கள்தான் கல்லை நகர்த்தினார்கள். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. ஆடுகள் நாக்குத் தொங்கிச் செத்ததை நீ பார்க்கவில்லை. "தலைவரே, ஒங்க தங்கச்சி யாரு பக்கம்?" என்று சந்தையில் கேட்கிறார்கள். நீ உண்மையைச் சொன்னால் ஊற்று எங்கள் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் என் வாசலை மிதிக்காதே.

கிரிசாந்தோ

கொல்கிரி
20 ஜனவரி 1974

அன்புள்ள அண்ணா,

நீதிபதி முன்னால் நான் சொன்னதை நீயும் நின்று கேட்டாய். காட்டிய இடத்தில் தோண்டியபோது எல்லோரும் கரியைப் பார்த்தார்கள். நீ மட்டும் உடைந்த பானையின் கழுத்தை எடுத்துப் போன்ச்சோப் போர்வையில் துடைத்தாய். பிறகு என்னைப் பார்க்காமலே போய்விட்டாய். இங்கேயும் யாரும் என்னைக் கொண்டாடவில்லை. "அண்ணனையே காட்டிக் குடுத்தவ, நம்மள விடுவாளா?" என்கிறாள் மாமியார்.

கார்னிவலன்று பழைய இடத்தில் கல்லை நட்டுப் புது நெருப்பு புதைக்க வேண்டுமாம். வழக்கு தொடங்கியதிலிருந்து இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. அதனால் மறுபடியும் நான்தான் சுமக்க வேண்டும், அதுவும் நம் வீட்டு அடுப்பு நெருப்பை. உன் வாசலை மிதிக்க மாட்டேன். பானையோடு வெளியே நிற்கிறேன். நீ பேசக்கூட வேண்டாம், அள்ளிப் போட்டால் போதும்.

எர்லிந்தா

வைரபம்பா
9 பிப்ரவரி 1974

எர்லிந்தா,

பானை கொண்டுவராதே. கெட்டியானதாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். ஊர் என் மேல் கோபமாக இருக்கிறது. நானும் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். சரிவில் பார்த்து நட.

அடுப்பு உள்ளே இருக்கிறது. வாசலில் நின்றால் உனக்கு எட்டாது.

அண்ணன்