இருபத்தெட்டு கிலோவுக்கு வாங்கிய ஃபோர்க்

கரமனை. 2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை 10.20. உன் சைக்கிளில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற பழைய ஃபோர்க் 2.6 கிலோ, புதியது 1.6.

அன்புள்ள சாய்க்கு அப்பா எழுதுவது. நான் ஜலதோஷத்தோடு நன்றாக இருக்கிறேன், ஆக்லாந்தில் நீயும் அம்மாவும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். தமிழ் படிக்கத் தடுமாறினால் அம்மாவை வாசிக்கச் சொல். பத்மஜா, ஒரு வரி விடாமல் வாசி. இந்த டிசம்பர் லீவுக்கும் நீ வரவில்லை என்று அவள் எழுதிய மெயில் கிடைத்தது, காரணம் இல்லை, நானும் கேட்கவில்லை, போன வருஷம் கேட்டு என்ன கிடைத்தது. மெயில் வருவதற்கு முன்பே ஃபோர்க் வந்து இறங்கிவிட்டது, அதுதான் விஷயம்.

பொன்முடி மலையில் எஸ்டேட் மண் ரோட்டில் சைக்கிளில் இறங்கி வந்த அன்றைக்குக் கை மரத்துப்போய் தோசையைப் பிய்க்க முடியாமல் அழுதாயே, அது உன் தப்பு இல்லை. அதில் இருந்தது இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க், பெரிய ஆள் ஏறினால்தான் அமுங்கும், உனக்கு அது வெறும் கம்பி, கல்லின் அடி முழுதும் கைக்குத்தான் வரும், ஏற்றத்தில் அந்தப் பாரத்தையும் நீயே இழுக்க வேண்டும். ஸ்பிரிங்கே இல்லாதது இன்னும் லேசு, ஆனால் அந்த ரோட்டுக்கு ஆகாது. அதனால் காற்று அடைக்கிற ஃபோர்க்காகத் தேடி வாங்கினேன், ஓட்டுகிறவன் எடைக்குத் தகுந்தாற்போல் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். உன் எடைக்கு என்னிடம் இருந்தது ஒரே கணக்கு, நீங்கள் கிளம்பும் முன் குருவாயூரில் துலாபாரத்துக்கு உன்னை உட்கார்த்தினோமே, மறு தட்டில் கதலிப்பழம் இருபத்தெட்டு கிலோ. அதற்கே அடைத்தேன். நேற்று உன் சாம்பசிவன் மாமா, அம்மாவின் அண்ணா, வந்து பார்த்துவிட்டு, எடா வெங்கிடேஷே, துலாபாரத்தப்போ அவனுக்கு ஒம்பது வயசாக்கும், இப்போ உசரத்துலே பத்மஜா காதைத் தொடறான், இந்தக் குட்டி சைக்கிள்லே ஏறினா முட்டி போய் ஹாண்டில்லே இடிக்கும் என்றார். ஏன் யாரும் சொல்லவில்லை என்றேன். தினம் போன்லே பாக்கறயே, தெரியலையா என்றார். போனில் உன் முகம்தான் தெரிகிறது, முகத்தை வைத்து உயரம் எப்படித் தெரியும். ஆபீசில் யாராவது இரண்டு வருஷம் பழைய அளவுக்குச் சாமான் வாங்கியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.

அங்கே சைக்கிள் ஓட்டுகிறாயா என்றே தெரியாது. ஓட்டினால் ஹெல்மெட் போடு, இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே. அம்மாவை எதிர்த்துப் பேசாதே. நல்ல ஆரோக்கியத்தோடு நீண்ட நாள் இரு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று உயரத்தை அளந்து எழுது, எடையும் எழுது, மறக்காதே.

உன் அப்பா,
வெங்கிடேஷ்

இனி நான் செய்யப்போவது:
1. புது ஃபோர்க்கைத் திருப்பி அனுப்புவேன்.
2. பழையதை மாட்டி, சைக்கிளை மாமாவின் பெண்ணுக்குக் கொடுப்பேன். அவளுக்கு அளவு சரியாக இருக்கிறது, நேற்று மாமாவோடு வந்தபோதே ஏற்றிப் பார்த்தேன்.
3. டிசம்பரில் பொன்முடிக்குத் தனியாகப் போவேன்.
4. உன் பதில் வராவிட்டால் உன் உயரத்தில் வருஷத்துக்கு ஆறு சென்டிமீட்டர் என்று நானே கூட்டிக்கொள்வேன். தப்பாகத்தான் இருக்கும்.