ஏடெழுதுபவனுக்கு ஒரே ஒரு கண்ணி

ஜப்பான், புன்மெய் பதினெட்டாம் ஆண்டு, இரண்டாம் மாதம் 11

மைக்கல்லில் விட்ட தண்ணீர் விளிம்பில் உறைகிறது. வாயால் ஊதி ஊதி அரைத்துக்கொண்டிருந்தபோது கோட்டையிலிருந்து ஆள் வந்தான். ஐயா கூப்பிடுகிறாராம்.

குரோஸே ஐயா வில்லுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நவாடாக்காரன் இறங்கி வந்துட்டான். சமாதானம். அடுத்த மாசம் பன்னிரண்டு, கடற்கரைக் கோயில்ல நூறு கண்ணித் தொடர்கவிதை. நீதான் ஏடு எழுதறே."

சந்தோஷத்தில் தலை தரையில் முட்டும்படி வணங்கினேன். சத்தியப் பத்திரம் எழுதலாமே என்று யாரோ கேட்டதற்கு ஐயா சிரித்தார். "பத்திரத்துல ரத்தம் தொட்டு வெச்சவன் எல்லாம் மறுநாளே மறந்துட்டான். ஒரே பாய்ல உட்கார்ந்து, அவன் அடிக்கு இவன் அடி கட்டி நூறு வரைக்கும் வந்தவன் அவ்வளவு சீக்கிரம் அம்பு விடமாட்டான்."

எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து சொன்னார்: "அவங்க பக்கம் அஞ்சு பேர். உன் அண்ணனும் வர்றான்."

அவனைப் பார்த்து இருபத்திரண்டு வருடம்.

இரண்டாம் மாதம் 12

எதுவும் எழுதவில்லை. மை உறைந்துவிட்டது என்று ஒரு சாக்கு.

இரண்டாம் மாதம் 15

இன்று முழு விஷயமும் தெரிந்தது. சமாதானம் வந்தாலும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் நவாடாவில் பிணையாக இருந்தே ஆக வேண்டும். ஆள் மாறலாம்.

"உன் அண்ணன் திரும்பி வரணும்னா வேற ஒருத்தன் போகணும்" என்றார் ஐயா. "கண்ணி முடியறதுக்குள்ள பதில் சொல்லு. நீ போனா எனக்கு ஏடெழுத ஆள் இல்ல. அதையும் மனசுல வெச்சுக்கோ."

வேற ஒருத்தனாம்! வீட்டில் நானும் அம்மாவும்தான். என் மனைவி இறந்து ஐந்து வருடமாகிறது, பிள்ளை இல்லை. யார் அந்த வேற ஒருத்தன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிணை என்றால் விருந்து இல்லை. சண்டை மூண்டால் முதலில் போவது பிணையாளின் தலை. நடுவில் இரண்டு முறை மூண்டது. அண்ணன் தலை தப்பியதற்கு, அவன் கட்டும் கண்ணிகள் நவாடாப் பிரபுவுக்குப் பிடித்துப்போனதுதான் காரணம் என்று பேச்சு. என் கண்ணி யாருக்குப் பிடிக்கும்? நான் கட்டுகிறவன் இல்லை. மற்றவர்கள் கட்டுவதில் குற்றம் பார்த்து எழுதுகிறவன்.

அம்மாவிடம் அண்ணன் வருவதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் 19

இதை ஒரு முறையாவது எழுதிவிட வேண்டும்.

நவாடாக்காரர்கள் அன்று கேட்டது என்னை. இளையவனை. எனக்குப் பதினைந்து, அண்ணனுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முந்தைய வருடம்தான் களத்தில் இறந்திருந்தார். ஆள் வந்த காலையில் அம்மா என்னை மூன்று போர்வைக்குள் சுற்றி, அடுப்பில் சுட்ட கல்லைத் துணியில் முடிந்து நெற்றியில் வைத்தாள். வந்தவர்களிடம், "அவனுக்குக் காய்ச்சல், வழியிலேயே செத்துடுவான்" என்றாள். மூத்தவனே வருகிறேன் என்றதும் அவர்களுக்கு வாயெல்லாம் பல். வாரிசே கிடைத்தால் கசக்குமா?

"ஒரு வருஷம்தானேம்மா" என்றான் அண்ணன். உள்ளே வந்து குனிந்து என் நெற்றியைத் தொட்டான். பிறகு வாசலில் உட்கார்ந்து வைக்கோல் செருப்பின் வாரைக் கட்டினான். அந்தச் சரசர சத்தத்தைப் போர்வைக்குள் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

காய்ச்சல் இல்லை. மத்தியானம் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன்.

அவனுக்கு வரவேண்டிய வீடு, பதவி, அப்பாவின் வாள் எல்லாம் என் கைக்கு வந்தன. அவனுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் மாதம் 27

கண்ணிகளுக்கு நடுவராகத் துறவி கியோஸென் வந்திறங்கினார். பாதி நாட்டை நடந்தே சுற்றியவர். வந்ததும் கேட்டது உலர்ந்த சீமைப்பனிச்சம்பழம். ஒரு சரத்தையே தின்று தீர்த்துவிட்டு, "இந்த ஊர்ல சண்டை ஏன் வருதுன்னு இப்பத் தெரியுது. இந்தப் பழத்துக்குத்தான்" என்கிறார்.

ஒத்திகை பார்த்தோம். சொல்பவர் யாராக இருந்தாலும், பிரபுவே ஆனாலும், விதி மீறினால் ஏடெழுதுபவன் கண்ணியைத் திருப்பிவிட வேண்டும். நிலா வந்தால், கண்ணீர் வந்தால், கனவு வந்தால், ஏழு கண்ணி கடக்கும்வரை அது மறுபடி வரக்கூடாது. குற்றமில்லை என்றால் உரக்கப் படித்துவிட்டு எழுத வேண்டும். வாளில்லாமல் ஒரு நாள் முழுக்க எல்லோரையும் அதட்டலாம். அதற்குக் கூலி, கடைசித் தாளில் ஏடெழுதுபவனுக்கென்று ஒரே ஒரு கண்ணி.

குயில் வசந்தத்தை அழைப்பதாக ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். யார் மனதையும் நோகடிக்காத கண்ணி. என்னைப் போலவே.

மூன்றாம் மாதம் 4

அம்மா முள்ளங்கி ஊறப்போட்டிருக்கிறாள். கண் மங்கிவிட்டதால் உப்பைக் கையால் தடவித் தடவிப் போடுகிறாள்.

"அவன் வந்தா சாப்பிட்டுட்டுப் போயிடுவானா, இல்ல இருந்துடுவானாடா?"

"கண்ணி முடிஞ்சதும் தெரியும்மா."

"அது என்ன கண்ணியோ! ஆம்பளைங்க பத்துப் பேர் உட்கார்ந்து நிலா, பூன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள என் பிள்ளை கிழவனாயிட்டான்."

அவன் வரக்கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். சீ. நினைத்தேன்தான், எழுதாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா?

மூன்றாம் மாதம் 12

விடியலில் தொடங்கி, விளக்கேற்றும் வேளைக்கு முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

வாள்களை வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். அண்ணன் நாலாவதாக உள்ளே நுழைந்தான். அகன்று போயிருக்கிறான். காதோரம் நரை, முன்பல் ஒன்று இல்லை. ஏடு சாமிக்கு வைக்கும்வரை இரு பக்கத்தாரும் கண்ணி தவிர எதுவும் பேசக்கூடாது என்று கட்டளை. அவன் என்னைப் பார்த்தான். நான் மைக்கல்லைப் பார்த்தேன்.

முதல் தாள் ஒழுங்காகப் போயிற்று. நவாடாப் பிரபுவின் கண்ணி ஒன்றைக்கூடத் திருப்பினேன், ஏழுக்குள் நிலா இரண்டு முறை வந்ததென்று. "ஏடெழுதறவர் கிட்ட தப்ப முடியாது போல!" என்று சிரித்தபடி மாற்றிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதும் உண்மை.

முப்பத்தோராவது கண்ணியில் எங்கள் ஐயா ஒரு கனவைச் சொன்னார். எழுதினேன். முப்பத்தைந்தாவது அண்ணன் முறை. குரல் அப்பாவின் குரல். உச்சரிப்பு மட்டும் நவாடாக்காரனுடையது.

கனவிலும் கால்
வழி தவறுவதில்லை —
கிணற்றடியில் பிளம் பூ.

எங்கள் கிணறு. எங்கள் பிளம் மரம். அதன் கீழ்தான் பம்பரம் விட்டோம். உரக்கப் படித்தேன், எழுதினேன், தூரிகையை எடுத்தேன். மை காய்வதற்குள் கியோஸென் விசிறியால் பாயை ஒரு தட்டுத் தட்டினார்.

"கனவு வந்து நடுவுல மூணே மூணு கண்ணி."

பத்து வருடமாக ஏடு எழுதுகிறேன், ஒரு கனவைக் கோட்டை விட்டதில்லை! எழுதியாகிவிட்டது, சாமிக்கு வைக்கும் தாளில். அடித்தால் கீறல், விட்டால் குற்றம்.

நவாடாப் பக்கம் ஒரு கிழவர் எழுந்து நின்றேவிட்டார். "சமாதான ஏட்டுலயே பழுதா? வேணும்னே பண்ணினதில்லன்னு நாங்க எப்படி நம்பறது? எழுதினவனை எழுப்பி வெளியே அனுப்புங்க." எங்கள் ஐயா முகத்தில் ஈயாடவில்லை. சமாதானக் கூட்டத்தில் ஏட்டைக் கெடுத்தவன் என்று எழுப்பப்பட்டால் அதற்குமேல் அவனை எந்தச் சபையும் சேர்க்காது. அதைவிட, கிழவர் கோபத்தில் நூறு கண்ணியும் அங்கேயே அறுந்துபோகும்.

அண்ணன் முன்னால் நகர்ந்து நெற்றி பாயில் படக் குனிந்தான். "தப்பு என்னோடது. ஐயா சொன்ன கனவை நான் காதுல வாங்கல. கண்ணி கட்டினவன் நான், அவர் எழுத மட்டும்தான் செஞ்சார். தண்டனை எனக்கு."

எல்லோருக்கும் தெரியும், குற்றம் பார்ப்பது ஏடெழுதுபவனின் வேலை என்று. கியோஸென் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அந்தத் தாளைப் புதுசா எழுதுங்க. கண்ணியை நீக்கிடுவோம். இவர் இனிமே வாயைத் திறக்கக்கூடாது." கிழவர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் வேறொருவர் கொக்கு பறப்பதைச் சொன்னார். தாளை முதலிலிருந்து எழுதினேன். அண்ணன் மீதி நேரமெல்லாம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணிக்காகவே அவனை உயிரோடு வைத்திருந்தவர்கள் முன்னால், ஊமை போல.

இரண்டாவது முறை. எனக்காக இரண்டாவது முறை.

தொண்ணூற்றெட்டு என் கண்ணி. குயில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு இதைச் சொன்னேன், நானே படித்தேன், நானே எழுதினேன்:

பனி கரைந்தது ஆற்றில் —
பாலம் கடக்க இம்முறை
என் செருப்பு வாரை நான் கட்டுகிறேன்.

அண்ணன் தலை நிமிர்ந்தது. நூறும் முடிந்து ஏட்டைச் சாமிக்கு வைத்ததுமே நவாடாக்காரர்கள் அண்ணனை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். ஐயா பக்கத்தில் வந்து, "இதுதான் பதிலா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"நல்ல கண்ணி" என்றார். "நீ இருந்தே தொலைஞ்சிருக்கலாம்."

மூன்றாம் மாதம் 13

காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஊறுகாய்ச் சாடியின் மேல் கல்லைச் சரிசெய்துகொண்டிருந்தவள் அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னது நான்" என்றாள்.

"ஆமாம்மா."

"இப்பவும் சொல்லட்டுமா?"

சொல்லத்தான் சொல்வாள். இந்த வயதிலும் கல்லைச் சுட வைப்பாள். என் கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாம்மா. அவன் வரட்டும்."

சாடியை விட்டு வந்து என் முகத்தைத் தடவினாள். மங்கிய கண்ணுக்கு என்ன தெரிந்ததோ. பிறகு, "ரெண்டு சாடியாப் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் மாதம் 17

மூட்டை கட்டினேன். மைக்கல், இரண்டு தூரிகை, குளிருக்கு ஒரு மேலங்கி. அப்பாவின் வாளை மாடத்தில் அண்ணனுக்காக வைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் 20

எல்லை ஆற்றுப் பாலம். நான் இந்தப் பக்கத்திலிருந்தும் அவன் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் அவன் மனைவியும் இரண்டு பெண்களும், பெரியவள் கையில் ஒரு கோழியோடு. எனக்கு அண்ணி இருப்பதே அப்போதுதான் உறைத்தது.

நடுவில் நின்றோம். காவலர்கள் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்குவதற்குள் அண்ணன் கையை நீட்டி உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தான்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?"

ஓட்டைப் பல் தெரியச் சிரித்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நெத்தி சுட்டுச்சு, கழுத்து பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு. அம்மாவுக்குச் சரியா நடிக்கத் தெரியல."

"தெரிஞ்சுமா போனே?"

"நீ போர்வைக்குள்ள கிடந்து உதறினியேடா. உண்மையான காய்ச்சல்காரன்கூட அப்படி நடுங்க மாட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அஞ்சாறு வருஷம் இருந்துச்சு. அப்புறம் இவ வந்தா, பிள்ளைங்க வந்தாங்க. கோபத்தை எங்கேயோ வெச்சுட்டுத் தேடவே இல்ல."

காவலன் கனைத்தான். அண்ணன் என் தோளில் ஒரு குத்து விட்டு நகர்ந்தான். "நவாடாப் பிரபுவுக்குப் பனி பிடிக்காது. பனி பத்திக் கண்ணி கட்டாதே!" என்று பாலத்தின் அந்த முனையிலிருந்து கத்தினான். அந்தச் சின்னப் பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நான்காம் மாதம் 9, நவாடா

அண்ணன் இருந்த வீட்டில்தான் என்னை வைத்திருக்கிறார்கள். கூரை ஓரிடத்தில் ஒழுகுகிறது. எந்த இடம் என்று தரையில் அவன் வைத்துப்போன பானையே சொல்கிறது. கிணற்றடியில் ஒரு பிளம் மரம், அவன் நட்டதாம்.

அந்தக் கிழவர் வந்தார், கோயிலில் என்னை எழுப்பச் சொன்னவர். மாதக் கடைசியில் இங்கே கண்ணி கட்டுகிறார்களாம், ஏடெழுத ஆள் இல்லையாம். "கனவை மட்டும் கவனிச்சுக்கோ" என்றார். சரி என்றேன்.

மீன் வண்டியில் வீட்டிலிருந்து ஒரு சாடி ஊறுகாய் வந்தது. உப்பு தூக்கல். சாடி வாயில் அண்ணன் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்: "அம்மா தினமும் காலையில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'அவனுக்கு அங்கே உடம்பு எப்படி இருக்கோ' என்கிறாள். பதில் எழுது."

தூரிகையை எடுப்பதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அப்படியே எழுதி அனுப்பினேன்.