என் கணவர் பார்த்திராத முகங்கள்

ஜூன் 30, வியாழன்

மாலை அஸர் தொழுகைக்குப் பின் பெண்கள் வந்தார்கள். குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதி, பொருள் பேசி, டீ குடித்தோம். பிஸ்கட் விலை ஏறிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வீட்டிலேயே ஏதாவது செய்ய வேண்டும்.

செய்தி கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஜக்கியா ஆபா. சந்துக் கமிட்டித் தலைவர் வாஹித் சாபின் குர்பானி ஆடுகள் இரண்டும் களவு போய்விட்டனவாம். "கயித்தை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். பக்ரீதுக்கு வாஹித் சாப் கயித்தைத்தான் அறுக்கணும்." எல்லோரும் சிரித்தோம். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஜூலை 3

கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். சந்தே பணம் போட்டுக் கேமரா வாங்க வேண்டுமாம். படம் மட்டும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகுமாம். எங்கள் வாசலுக்கு எதிர்க் கம்பம்தான் தோதான இடம். என் கணவர் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவர் என்பதால் சந்திலேயே கரண்ட் போகாத வீடும் எங்களுடையதுதான். அவர் தயங்கினார். திரைக்குப் பின்னாலிருந்து நான்தான், "கரண்ட் குடுங்க, நாலு பேருக்கு நல்லதுதானே" என்றேன்.

ஜூலை 8

மாட்டிவிட்டார்கள். கவிழ்த்துவைத்த டீக் கிண்ணம் மாதிரி இருக்கிறது.

ஜூலை 19

கான்ஸ்டபிள் யாதகிரி கேமராவைச் சோதிக்க வந்தார். என் மகள் சம்ரீன் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "மாடியில தலை காயவைக்கிறப்ப போன் பேசிக்கிட்டே ஓரத்துக்குப் போகாதம்மா. சுவரு குட்டை, விழுந்துடுவே."

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் குமட்டுகிறது. சம்ரீன் டம்ளரைத் திரும்ப வாங்காமல் உள்ளே வந்துவிட்டாள். அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். டம்ளர் என்ன பாவம் செய்தது?

ஜூலை 20

கேமராவைத் திருப்பிவைக்கக் கேட்டு அவர் வாஹித் சாபிடம் போனார். "அது தானா சுத்துற கேமரா, மொயீஸ் பாய். பிடி ஸ்டேஷன்ல இருக்கு. உங்க வீட்டுல மறைக்க என்ன இருக்கு?" என்றாராம்.

என் மகளின் முடியில் ஒரு குற்றமும் இல்லை. அதனால் அதை ஊருக்குக் காட்ட வேண்டுமா?

ஆகஸ்ட் 4, வியாழன்

அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போனவர் இருட்டிய பிறகு வந்தார். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. படுக்கை விரிக்கும்போதுதான் சொன்னார்.

வியாழக்கிழமை தோறும் இத்தனை பர்தா எதற்கு உங்கள் வீட்டுக்குள் போகிறது, எந்த அமைப்பு, யார் பணம் — இதுதான் கேள்வி. ஓதுகிறார்கள் என்று சொன்னாராம். "அப்ப பேரைச் சொல்லு" என்று படங்களைப் பரப்பிவிட்டார்கள்.

வாசற்படி ஏறி, செருப்பைக் கழற்றத் தெருப் பக்கம் திரும்பும்போதே நாங்கள் முகத்திரையைத் தூக்கிவிடுவோம். உள்ளே வந்தாயிற்று என்ற நிம்மதியில் கை தானாகப் போகும். அந்த நொடியைப் பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறான்கள். ஒவ்வொருத்தியும் திறந்த முகத்தோடு.

இருபது வருடமாக அவர்கள் வரும்போது இவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பின்பக்கமாகக் கடைக்குப் போய்விடுவார். இதுவரை ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அதைச் சொன்னதற்கு, "பக்கத்து வீட்டம்மா மூஞ்சி தெரியாதா உனக்கு? இதை எங்கள நம்பச் சொல்றியா?" என்று சிரித்தார்களாம். பார், பார் என்று ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே நீட்டினார்களாம்.

"பேர் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மேல் கோபம் வருகிறது. அவர்கள் மேல் வருவது கோபம் இல்லை — அழுகின மீன் வாசம் போல ஏதோ ஒன்று, கழுவினாலும் போகாமல்.

ஆகஸ்ட் 5

கேமராவுக்குப் போகிற கரண்ட் கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

யாதகிரி வந்தார். "ஏன் அணைச்சீங்கன்னு ரிப்போர்ட்ல எழுதணும்மா. என்னன்னு எழுதட்டும்?"

"என் மக தலை இன்னும் காயலைன்னு எழுதுங்க" என்றேன், திரைக்கு இந்தப் பக்கமிருந்து. தலை குனிந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினார்கள், லட்டு கொடுத்தார்கள். கேமராவுக்குப் பள்ளிவாசலிலிருந்து கரண்ட் இழுத்தார்கள். பள்ளிவாசலிலிருந்து! லட்டைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 23

ஜக்கியா ஆபா கத்திக்கொண்டே வந்தாள். அவள் மகன் அனஸுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில், 'உன் அம்மா ரெண்டு வருஷம் முன்னாடி தர்ணாவில் உட்கார்ந்தவள்' என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். தர்ணாப் படத்திலும் எங்கள் வாசல் படத்திலும் ஒரே முகமாம். அந்த முகத்துக்கு அவள் பெயர்.

திரைக்கு அந்தப் பக்கம் இவர் நின்றுகொண்டிருந்தார்.

"மொயீஸ் பாய்! யார் மூஞ்சிக்கு என் பேரைச் சொன்னீங்க?"

"எனக்கு மூஞ்சி எதுவும் தெரியாதே ஆபா. வாசல்ல கிடக்கிற செருப்புதான் தெரியும். படத்துல ஊதா வார் செருப்பைப் பார்த்து உங்களுதுன்னு..."

"அதை ரமலானுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்!" என்றவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

யாருக்குக் கொடுத்தாள் என்று எனக்கும் தெரியும். இந்த நோட்டிலும் அந்தப் பெயரை எழுதமாட்டேன். என் நோட்டிலேயே எழுதப் பயப்படுகிறேன், த்தூ!

ஆகஸ்ட் 26

ஆபாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த பெரிய அதிகாரி மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அதே எண்ணெய் விரலால் போனில் இருந்த அந்த முகத்தை இழுத்துப் பெரிதாக்கினார்.

"துணியைத் தூக்குங்க."

ஒரு பெண் கான்ஸ்டபிளாவது வரட்டும் என்றேன். காதில் வாங்கவில்லை. ஆபா தூக்கினாள். மகனுக்காக. அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் படத்தை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நீங்க இல்லையே."

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்ப இது யாரு? பேரைச் சொல்லுங்க, பையன் ஃபைல் இன்னிக்கே நகரும்."

ஆபா திரையை இறக்கிக்கொண்டாள். "நாங்கெல்லாம் ஒரே மாதிரி கறுப்பு மூட்டை, சாப். இத்தனை கேமரா வெச்ச உங்களுக்கே தெரியலை. எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

"தெரியாது."

பொய்தான். மஃரிப் தொழுகையில் மற்ற எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன். இதற்குக் கேட்க மனம் வரவில்லை.

செப்டம்பர் 2

மஸ்கட்காரர்கள் காத்திருக்கவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அனஸ் இரண்டு நாளாக அம்மாவோடு பேசவில்லையாம். இவர் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு, கதவைத் தட்டாமலே திரும்பி வந்தார்.

செப்டம்பர் 8, வியாழன்

ஐந்து பேர்தான் வந்தார்கள். கடைசியாக வந்தது அவள் — அந்த முகத்துக்குரியவள். அவளுக்கு எதுவும் தெரியாது. உட்காரும்போதே, "அனஸ் எப்ப கிளம்புறான் ஆபா?" என்று கேட்டாள்.

நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"அம்மா சமையலை விட்டுட்டுப் போக மனசில்லையாம் அவனுக்கு" என்று சிரித்தாள் ஜக்கியா ஆபா. தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். "ஓதும்மா. இன்னிக்கு நீ ஆரம்பி."