அத்திமரத்துக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் எந்தத் தயவுக்கும் கட்டுப்படாமல் தனியாக முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே. அங்கே குளிர் இறங்கிவிட்டது என்றாயே, சின்னவனைக் காதை மூடாமல் வெளியே விடாதே, அவனுக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது. போன வாரம் நீ பேசிவிட்டு வைத்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நான் கோயிலில் எழுந்து ரகளை பண்ணினேன் என்று உன் பெரியம்மா முந்திக்கொண்டு உனக்குச் சொல்லிவிட்டாள், நீயும் அதைக் கேட்டுக்கொண்டு, "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சிடும்லம்மா" என்றாய். அப்போது பதில் சொல்லியிருந்தால் உன்மேல் எரிந்து விழுந்திருப்பேன், அதனால்தான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சொல்.

புதிதாக வந்திருக்கும் போதகரை நீ பார்த்ததில்லை. இளம் வயது, நல்ல குரல், கெட்டவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திமரத்தின் கதையை எடுத்துப் பிரசங்கம் செய்தார். உனக்குத் தெரிந்ததுதான், இயேசு பசியோடு வருகிறார், வழியில் இலை அடர்ந்த ஒரு மரம், கிட்டப் போனால் பழம் இல்லை, இனி ஒருவரும் உன்னிடம் பழம் தின்ன வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார், மறுநாள் பார்த்தால் மரம் வேரோடு பட்டுப்போய் நிற்கிறது. இவர் அதைத் தூக்கி நேராக வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். கனி இல்லாத வாழ்க்கை, கனி இல்லாத மணவாழ்க்கை, கனி இல்லாத வீடு என்று ஏறிக்கொண்டே போனவர், "இலை இருந்தா போதுமா, பழம் எங்கேன்னு ஆண்டவர் கேக்குறார்" என்று நிறுத்தினார். முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நம் மருமகளுக்குப் பிள்ளை இல்லை என்பது கோயிலில் தெரியாதது யாருக்கு. அவள் தலையைக் குனியவில்லை. உன் தம்பிதான் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான், லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவன் ஷூவில் பார்க்க என்ன இருக்கிறது, கிரீஸ்தான் இருக்கும்.

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் மைக் அக்கா வந்துவிட்டாள். பெண்கள் ஐக்கியத் தலைவிதான், கையில் மைக் கிடைத்தால் திருப்பித் தரமாட்டாள் என்பதால் உன் அப்பா வைத்த பெயர். மருமகளின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே, "மனசுல எடுத்துக்காதம்மா, பாலர் வகுப்ப கொஞ்ச நாளைக்கு வேற யாராவது பாத்துக்கட்டும், தாய்மாருக்கு ஒரு மாதிரி சங்கடமா இருக்கு" என்றாள். தங்கள் பிள்ளைகளை நம் மருமகள் தொட்டுப் பேசுவது அவர்களுக்குச் சங்கடமாம். பாலர் வகுப்பை இவள் எப்படி நடத்துவாள் என்று உனக்குத் தெரியாது. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் இல்லையா, உடைந்த பிரேம்களை வாங்கி வந்து, குருடன் பார்வை பெற்ற கதைக்குப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் கறுப்புத் தாள் ஒட்டின கண்ணாடி போட்டுவிட்டு, கதையில் அவன் கண் திறக்கிற இடம் வந்ததும் எல்லோரையும் கழற்றச் சொல்வாள். அந்தக் கூச்சல் பெரியவர்கள் ஜெபத்தையே கலைக்கும். அன்று அந்தக் கண்ணாடிகளையும் கிரேயான் பெட்டியையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். வந்து பாத்திரம் துலக்கினாள். துலக்கின பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினாள்.

மறுநாள் நான் போதகரின் அறைக்குப் போனேன். கோயிலை ஒட்டின அந்தச் சின்ன அறைதான், மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருக்கும், கீபோர்டைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அந்த மரத்தில் பழம் இல்லாததற்குக் காரணம் அது அத்திப்பழக் காலம் இல்லை என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று. காலம் இல்லாத காலத்தில் பழம் இல்லை என்பது மரத்தின் குற்றமா. அப்புறம் இன்னொன்றும் கேட்டேன், சபித்ததற்கும் மரம் பட்டுப்போனதற்கும் நடுவில் என்ன நடக்கிறது, அவர் ஆலயத்துக்குள் போய் வியாபாரிகளின் மேசைகளைக் கவிழ்க்கிறார், அது ஏன் இந்தக் கதைக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் செழிப்பு, உள்ளே போனால் பசித்தவனுக்கு ஒன்றும் இல்லை என்கிற அந்த மரம் ஆலயம்தானே ஐயா, பெண்பிள்ளையின் வயிறு எப்படி ஆகும் என்றேன். என்னை மடக்கிப் பேசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தெரியும்மா, காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். தெரிந்துமா அப்படிப் பேசினீர்கள் என்று கேட்டால், "ஆலயத்தப் பத்தின்னு சொன்னா கமிட்டிக்காரங்க தங்களச் சொல்றதா எடுத்துப்பாங்க, நான் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது" என்கிறார். அறியாமல் சொல்லியிருந்தால் நான் பேசாமல் திரும்பியிருப்பேன் மகளே. கமிட்டியின் மேல் விழவேண்டிய வார்த்தையை, திருப்பி அடிக்காது என்று தெரிந்த இடமாகப் பார்த்து இறக்கியிருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்கிற முறை என்னுடையது. குறித்துக் கொடுத்த பகுதியை வாசித்து முடித்தேன், ஆனால் இறங்கவில்லை. அத்திமரத்தின் கதையை முதலிலிருந்து கடைசிவரை, ஆலயத்துக்குள் நடந்ததையும் விடாமல் வாசித்தேன். அது முடிந்ததும் இன்னொரு அத்திமரம் இருக்கிறதே, வருஷா வருஷம் வந்து பழம் தேடின தோட்டத்து முதலாளி வெட்டிப் போடு என்கிறான், வேலைக்காரன் மட்டும் இந்த வருஷமும் இருக்கட்டும் ஐயா, சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்று கெஞ்சுகிறான், அதையும் வாசித்தேன். பாதியில் மைக் செத்துப்போனது. தானாகச் சாகவில்லை, மைக் அக்காவின் கை சுவிட்சில் இருந்ததை நான் பார்த்தேன். பிரசவ வார்டில் ஆயுசு முழுக்க மூச்சுப் பிடி, தள்ளு என்று கத்திப் பழகின தொண்டைக்கு மைக் எதற்கு, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன். அந்த இரண்டாவது மரம் பிறகு காய்த்ததா என்று வேதம் சொல்லவே இல்லை, வெட்டாதே என்றவன் கெஞ்சுவதோடு கதை நின்றுவிடுகிறது. அப்படியிருக்க நம் கோயிலில் மட்டும் ஆளுக்கொரு கோடாலி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பிள்ளை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பெற்று இழந்தவர்களையும் இந்தக் கையால் தொட்டிருக்கிறேன், அதில் யார் ஆசீர்வாதம் யார் சாபம் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள் என்றேன்.

எழுந்தது உன் தம்பி. முகமெல்லாம் வியர்வை. "குறை என்கிட்டதான், டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு, வெளிய சொல்லாதன்னு அவகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்" என்றான். எனக்கே அன்றுதான் தெரியும். பெற்றவளுக்கும் சொல்லாமல் அவனுக்காக அத்தனை பேர் பார்வையையும் இவள் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவனை நினைத்துப் பெருமைப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் மருமகள் அவனை ஒரு பிடி பிடித்தாள். "குறைன்னு சொன்னீங்களே, அதுவும் அவர் பிரசங்கம்தானே. மரத்தத்தான் மாத்தினீங்க, கோடாலிய கீழ போடலையே. உங்ககிட்டயும் குறை இல்ல, என்கிட்டயும் இல்ல, நமக்குப் பிள்ளை இல்ல, அவ்வளவுதான்" என்றாள். அவன் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதான், அவளும் அழுதாள், பிறகு அவனுக்கு முகம் துடைக்க ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான் அத்தனை சத்தம் போட்டும் சொல்லத் தெரியாத பொருளை அவள் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள். உன் அப்பா அவளுக்குத் தன் கையால் டீ போட்டார், சர்க்கரை போட மறந்துவிட்டார், அவளும் குடித்துவிட்டாள்.

கமிட்டி கூடி, வேதபாடம் வாசிப்பதிலிருந்து என்னை எடுத்துவிட்டது. போதகர் வீட்டுக்கு வந்தார், உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார். நான் சபையில் எழுந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் பாலர் வகுப்பை மருமகளுக்கே திருப்பித் தருவார்களாம். நான் வாயைத் திறக்குமுன் அவளே, "வேணாம் ஐயா, அத்தை மன்னிப்புக் கேட்டு வர்ற வகுப்புல நான் பிள்ளைங்களுக்கு எந்தக் கதையச் சொல்றது" என்று கேட்டாள். அவர் கிளம்பிவிட்டார். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும், "இன்னொரு தடவ அந்தப் பகுதிய எடுத்துப் பேசணும்மா, எனக்கு இன்னும் துணிச்சல் வரல" என்றார். வரட்டும் என்றேன். வராவிட்டாலும் வசனம் அங்கேதான் இருக்கும் என்றும் சொன்னேன். ஆகவே மகளே, முடித்துவிடு என்று என்னிடம் சொல்லாதே. முடிந்துவிட வேண்டும் என்று தவிக்கிறவர்கள் அவர்கள், நாங்கள் இல்லை. உன் பெரியம்மா மறுபடி கூப்பிட்டால் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டு, ஒரு வரியையும் விடாதே.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாராக, பிள்ளைகள் யாருக்கும் அஞ்சாமல் வளரட்டும். மருமகளுக்கு ஒருநாள் நீயாகப் போன் பண்ணு, ஆறுதல் சொல்வதற்காகப் பண்ணாதே, உன் சின்னவனின் கண்ணாடிப் பவர் ஏறியிருக்கிறதா என்று கேட்பதற்குப் பண்ணு, அவளுக்கு அதுதான் பிடிக்கும். அப்புறம் ஒன்று, நாங்கள் வேறு கோயிலுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூப்பிடாதே, யாரும் எடுக்கமாட்டோம். அப்பா, நான், உன் தம்பி, அவள், நாலு பேரும் இப்போதெல்லாம் முதல் வரிசையில் போதகருக்கு நேர் எதிரே உட்காருகிறோம்.

உன்னை மறவாத,
அம்மா