பத்து வினாடிப் படமும் நூறு மார்க் வினாத்தாளும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், அவளுடைய வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்பத்தான் முடியும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது ஒரு வாரமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நம் ஆம்புலன்ஸ் டி.வி. தொடருக்காக நாங்கள் நடத்தும் ரசிகர் சந்திப்பையும், அதே தொடரின் நடிகர்களை வைத்து அந்தக் கம்பெனி நடத்தும் நட்சத்திர விழாவையும் சேர்த்து வைத்து, "ரெண்டும் ஒண்ணுதானேப்பா, அவங்க பெரிசாப் பண்றாங்க, நீங்க சின்னதாப் பண்றீங்க, பேசாம அவங்களோட சேர்ந்துடுங்க" என்றாய். போனில் பதில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருட விழாவுக்கு நீ ஆசையாக அனுப்பிய நுழைவுச்சீட்டுகளை நான் குறை சொல்லவில்லை. தங்கச்சீட்டு ஒன்று, சாதாச்சீட்டு ஒன்று. சாதாச்சீட்டில் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "கட்டினவ பொறந்த நாள் ஞாபகம் இருக்காது, அந்த ஆம்புலன்ஸ் வண்டியோட நம்பர் மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும், நான் வரல சாமி" என்று சொல்லிவிட்டாள். ஆகவே பஸ் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரை உனக்குத் தெரியும், நம் ஆம்புலன்ஸ் தொடரின் ஒன்பது வருடப் பாகங்களையும் விரல் நுனியில் வைத்திருப்பவர், சந்திப்பில் நான் வைக்கும் நூறு மார்க் வினாத்தாளில் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத ஒரே ஆள். வாசலிலேயே எங்களைப் பிரித்துவிட்டார்கள். என் கையில் மஞ்சள் பட்டை, அவர் கையில் சாம்பல் பட்டை. நடுவில் ஒரு கயிறு. நான் முன்வரிசையில் மெத்தை நாற்காலியில், அவர் பின்னால் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. முப்பத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தேன், பாப்பா. நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய காரில் வருகிற பிள்ளையை முன்னால் உட்காரவைத்தால் அந்த வாத்தியாரை என்னவென்று சொல்வாய்? அதை அங்கே கைப்பட்டை கட்டிச் செய்கிறார்கள், நாமும் கையை நீட்டிக் கட்டிக்கொள்கிறோம், எனக்கு என் மேலேயே கோபம்.

மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன், டாக்டராக நடித்தவரோடு படம் எடுத்துக்கொள்ள. ஒருவருக்குப் பத்து வினாடி என்று ஒரு பெண் கடிகாரத்தோடு நிற்கிறாள். எங்கள் சந்திப்பில் ஆறு வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு அல்லவா, கடைசிப் பாகத்தில் டாக்டர் ஓய்வு பெற்றுப் போகும்போது பழைய வண்டியின் சாவியைத் திருப்பித் தராமல் பையில் போட்டுக்கொண்டு போகிறாரே, அது மறதியா, மனசு வரவில்லையா என்று? என் பத்து வினாடியில் அதைத்தான் கேட்டேன். அவர் பாவம், காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலித்திருக்கும், "எந்தச் சாவி சார்?" என்றார். அதற்குள் அந்தப் பெண் என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டாள். படத்தில் நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். உன் அம்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, பால்காரருக்குக்கூடக் காட்டுகிறாள்.

கோபத்தின் உச்சம் இனிமேல்தான். தொடரில் ஆம்புலன்ஸ் வண்டிகளைக் கழுவுகிறவராக ஒருவர் வருவாரே, பாகத்துக்கு இரண்டு வசனம் பேசுவார், அவரும் வந்திருந்தார். ஓரமாக ஒரு மேசை, முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. நான் போய் உட்கார்ந்து, தூணோரம் நின்ற டிரைவரையும் கூப்பிட்டேன். சாவியைப் பற்றிக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பக்கெட்டோட அங்கதான் நின்னேன், சாவிக்குக் கையக்கூட நீட்டினேன், அதுக்குள்ள கேமரா அந்தப் பக்கம் திரும்பிடுச்சு" என்றார். டிரைவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் வந்து, சாம்பல் பட்டைக்கு இங்கே அனுமதி இல்லை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போங்கள் என்று டிரைவரை முழங்கையைப் பிடித்து எழுப்பினான். ஐம்பத்தாறு வயது மனிதரை. மேசைக்கு வேறு ஆளும் இல்லை, யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. நான் கத்தியிருப்பேன், வண்டி கழுவுகிறவர் முந்திக்கொண்டார். "அவர் இங்க வரக்கூடாதுன்னுதான சட்டம், நான் அங்க போகலாமில்ல" என்று எழுந்து, கயிற்றைத் தாண்டிப் போய் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். நானும் பின்னாலேயே போய்விட்டேன். நீ வாங்கிக் கொடுத்த மெத்தை நாற்காலி மாலை வரைக்கும் காலியாகவே கிடந்தது, மன்னித்துக்கொள்.

இந்தக் கம்பெனிதான் இப்போது எங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறது. அடுத்த வருடம் விழாவை எங்கள் சனிக்கிழமையிலேயே வைக்கிறார்களாம். நாங்கள் எங்கள் சந்திப்பை நிறுத்திவிட்டு வந்தால் ஒரு மூலை தருவார்களாம். வினாத்தாள் கூடாது, பொத்தானை அழுத்தும் போட்டி. எல்லோரும் அவர்கள் பெயர் போட்ட சட்டை மாட்டி வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டுமாம். அதாவது கயிற்றைப் பிடிக்கிற வேலை. இதைத்தான் நீ நல்ல யோசனை என்கிறாய்.

நேற்று சலவைக்கடை மாடியில் எங்கள் சந்திப்பு நடந்தது. எங்களோடு தேர்வு எழுத வருகிறேன் என்று அன்று அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வண்டி கழுவுகிறவரும் வந்துவிட்டார். எல்லோரும் அவரவர் கப்போடு வந்தார்கள், டிரைவர் ஃப்ளாஸ்க் கொண்டுவந்தார், இரண்டு மணி நேரம் தேர்வு, பிறகு பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருத்துவது, சண்டை வந்தால் அந்தப் பாகத்தைப் போட்டுப் பார்ப்பது, குறைந்த மார்க் வாங்கியவர் எல்லாக் கப்பையும் கழுவுவது, எல்லாம் வழக்கம்போல. சாவிக் கேள்விக்கு வண்டி கழுவுகிறவர், தான் கை நீட்டியதை எழுதியிருந்தார். டிரைவர் பத்துக்கு இரண்டு போட்டார். "அண்ணே, நீங்க கை நீட்டினது உங்களுக்குத் தெரியும், பாத்தவங்களுக்குத் தெரியாது, திரையில வராததுக்கு மார்க் இல்ல" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மொத்தம் முப்பத்தெட்டு, கடைசி இடம். நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேளாமல் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு இருபத்திரண்டு கப்பையும் கழுவினார். டாக்டரிடம் பத்து வினாடி, இவரிடம் ஒரு முழுச் சாயங்காலம். பெரிசு சின்னது என்று நீ சொன்னாயே, இதில் எது பெரிசு?

விருந்தாளியான அவரை விட்டுவிட்டு, கம்பெனிக் கடிதத்தை வைத்து ஓட்டெடுத்தோம். பதினாறு பேர் வேண்டாம் என்றார்கள், ஐந்து பேர் போகலாம் என்றார்கள். அந்த ஐந்தில், எங்களுக்கு மாடியைத் தருகிற சலவைக்கடை அம்மாவும் ஒருவர். எனக்கு முகம் தொங்கிவிட்டது. "எனக்கும் ஒரு தடவை அந்த டாக்டரப் பக்கத்துல பாக்கணும் சார், அதுக்காக மூஞ்சியத் தூக்காதீங்க, ஓட்டு வேற மாடி வேற, மாடிச் சாவி எப்பவும்போல ஆணியில தொங்கும்" என்றார். அவர் ஆசையிலும் தப்பில்லை, நானும் மூன்று மணி நேரம் நின்றவன்தானே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடம் அதே சனிக்கிழமைக்கு ஊருக்கு வருவதாகவும், நம் இருவருக்கும் தங்கச்சீட்டு எடுத்துவிட்டதாகவும் சொன்னாய். நீ வருகிறாய் என்பதில் எனக்கு உண்டான சந்தோஷத்தை அந்தச் சீட்டு பாதியாக்கிவிட்டது. முதல் வினாத்தாளை நான் எழுதியது அம்மை போட்டுப் படுத்திருந்த பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்காக, அவளுக்குப் பொழுது போகவேண்டும் என்பதற்காக. அதனால்தான் எங்கள் மாடியில் முதல் எண் நாற்காலியை நான் யாருக்கும் தருவதில்லை. நேற்று மட்டும் இடமில்லாமல் வண்டி கழுவுகிறவரை அதில் உட்காரவைத்தேன். பயப்படாதே, அவர் மார்க் உன் கணக்கில் சேராது.

முழங்காலுக்கு உன் அம்மா மருந்து போடுகிறாளா என்று கேட்டுப் போனில் மிரட்டி வை, நான் சொன்னால் கேட்பதில்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க வேண்டும். நேற்றைய வினாத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், போனைப் பார்க்காமல் எழுதி அனுப்பு. அந்தச் சனிக்கிழமை நீ எந்தப் பக்கம் போனாலும் நான் உன் அப்பாதான். தேர்வு மூன்று மணிக்கு, கப் மறக்காமல் கொண்டுவா.

முதல் எண் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கும்,
உன் அப்பா