கூட்டலாம், குறைக்க முடியாது

மார்ச் 3, செவ்வாய்

தணிக்கை முடிந்தது. வந்த தணிக்கையாளர் லேசுப்பட்ட ஆள் இல்லை. "உங்ககிட்ட இருக்கறதிலேயே பெரிய அதிகாரத்தோட உள்ள போய், ஒரு பதிவை அழிச்சுக் காட்டுங்க" என்றார். அழித்தேன். திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. இன்னொரு முறை அழித்தேன். அதே பதில். மனிதர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்று இடங்களின் தொலைபேசி உரையாடல்களை நாங்கள் பத்திரப்படுத்துகிறோம். ஒரு மருத்துவமனை, ஒரு காப்பீட்டு நிறுவனம், மனம் உடைந்தவர்கள் அழைக்கிற ஓர் உதவி எண். பதிவு உள்ளே விழுந்த நொடியில் பூட்டு விழும்; அதன் காலம் முடிந்தால்தான் பதிவு தானாக அழியும். பூட்டின் காலத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. முதலாளியே வந்து நின்றாலும் சரி, பூட்டைப் போட்ட நானே நின்றாலும் சரி. போன வருடம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்த வேலை. ஆபீசில் என் பெயரே 'பூட்டு' என்றாகிவிட்டது. இன்று அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா பாப்பாவோடு இங்கே வந்து பதினாறு நாள். பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. அத்தானிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

மார்ச் 13, வெள்ளி

போன் இல்லை, வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. குழந்தை அவரிடம்தான் வளர வேண்டுமாம். தாயிடம் இருந்தால் உயிருக்கு ஆபத்தாம். ஆபத்தா? அக்காவாலா? பாப்பா இரண்டு தும்மல் தும்மினால் டாக்டரிடம் ஓடுகிறவள்! வாய் கூசவில்லையா இவருக்கு?

மார்ச் 14, சனி

துணி காயப்போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அக்கா சொன்னாள். பாப்பாவுக்கு நாற்பது நாள் ஆனபோது அந்த உதவி எண்ணை அழைத்தாளாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வீட்டில் துணைக்கும் ஆளில்லை. "இவளைத் தூக்கிப் போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு" என்று சொல்லி அழுதிருக்கிறாள். அவர்கள் சொல்லித்தான் டாக்டரிடம் போனாள், மாத்திரை சாப்பிட்டாள், தேறினாள். தேறிய பிறகு, புருஷன்தானே என்று நம்பி அத்தானிடமும் சொல்லியிருக்கிறாள். இப்போது அவருடைய வக்கீல் அந்தப் பதிவைக் கோர்ட்டில் கேட்கப்போகிறார்.

"அது உங்க ஆபீஸ்லதானேடா இருக்கும்?"

"எத்தனை நாள் வெச்சிருப்போம்னு சொன்னாங்க?"

"தொண்ணூறு நாள். எடுத்ததுமே அதைத்தான் சொன்னாங்க. அதைக் கேட்டப்புறம்தான் நான் வாயே திறந்தேன்."

"அப்ப அது எப்பவோ போயிருக்கும்க்கா. நிம்மதியா இரு."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். உதவி எண்ணுக்குத் தனியாகத் தொண்ணூறு நாள் போட்டேனா, இல்லையா?

மார்ச் 16, திங்கள்

போடவில்லை.

ஆகஸ்ட் 19, நாற்பத்தொரு நிமிடம், அக்காவின் எண். அப்படியே இருக்கிறது. இன்னும் ஆறரை வருடம் இருக்கும். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவும் இல்லை.

உதவி எண்ணின் ஒப்பந்தத்தில் தொண்ணூறு நாள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மருத்துவமனைக்குத்தான் ஏழு வருடம். மூன்றுக்கும் தனித்தனியாக அமைக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு வருடம் என்று அடித்துவிட்டேன். பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. எதையும் அழிக்க முடியாது என்று தணிக்கையாளருக்கு மார்தட்டிக் காட்டினேன். போக வேண்டியது போகிறதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அழித்துப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன், இங்கே என்ன மறைக்க இருக்கிறது? 'அனுமதி இல்லை.'

மார்ச் 18, புதன்

ஒரு வழி இருக்கிறது. பதிவுகளைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்கையே மூடிவிட்டால் பூட்டோடு சேர்த்து எல்லாம் போய்விடும். மருத்துவமனை, காப்பீடு, மூன்று இடங்களின் பதிவும் அடியோடு போகும். யாருக்கோ என்ன மருந்து சொன்னார்கள், வலிக்கிறது என்று சொன்ன யாரைக் கவனிக்காமல் விட்டார்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. மூடுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூடவில்லை. மற்றவர்களை நினைத்தா, வேலை போய்விடும் என்ற பயத்திலா? நல்லவன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். தெரியவில்லை.

மார்ச் 21, சனி

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அக்காவின் பதிவு உள்பட. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். உதவி எண்காரர்களுக்கு எழுதிவிட்டோம். புதிதாக வரும் அழைப்புகளுக்குத் தொண்ணூறு நாள் என்று மாற்றியாகிவிட்டது. பழையவை பழையவைதான்.

இன்று அக்காவிடம் சொன்னேன். அவள் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாட்டிலையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"நீ பூட்டினதை நீ திறக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"தொண்ணூறு நாள்னு நம்பித்தானேடா பேசினேன்..."

திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை அந்தப் பதிவைத் தொடக் கூடாதாம். "உங்க அக்கா விஷயம், நீங்க தள்ளியே இருங்க" என்று மேலாளர் வேறு ஒருவரிடம் வேலையைக் கொடுத்தார். வழக்குக்கென்று அந்தப் பதிவின் மேல் இன்னொரு பூட்டுப் போட எந்தக் கட்டளை என்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

மே 11, திங்கள்

அக்கா என்னிடம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், கதவு திறக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

ஜூன் 19, வெள்ளி

அத்தானின் வக்கீல் ஒன்றரை நிமிடம் மட்டும் போட்டுக் காட்டினார். எந்த ஒன்றரை நிமிடம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வக்கீல் விடவில்லை. நாற்பத்தொன்றையும் கேட்க வேண்டும் என்று நின்றார். நீதிபதி அம்மா முழுவதையும் கேட்டார். நானும் அன்றுதான் கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் அக்கா, "ஒரு நிமிஷம் இருங்க, போர்வை விலகியிருக்கு, போர்த்திட்டு வரேன்" என்று போய்விட்டு வருகிறாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அழுதிருப்பாரோ? அழுதால் அழட்டும்.

ஜூன் 26, வெள்ளி

கோர்ட் சொல்லிவிட்டது: அக்காவை டாக்டர் குழு பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை பாப்பா அத்தானிடம். அக்காவுக்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஆள் பக்கத்தில் இருக்க. பாப்பாவின் துணிகளை அக்காதான் மடித்து வைத்தாள்.

ஜூலை 12, ஞாயிறு

போன வாரம் பாப்பாவுக்கு ஒரு வயது நிறைந்தது. நாங்கள் பார்க்கவில்லை.

சந்திப்பு அறையில் நான்கு நாற்காலி, ஒரு பாய், சுவரில் கடிகாரம். பாப்பா கொஞ்ச நேரம் அக்காவை உற்றுப் பார்த்தாள். பிறகு தோளில் சாய்ந்தாள், பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். மேற்பார்வைக்கு இருந்த அம்மா, "எழுப்பி விளையாட்டு காட்டுங்கம்மா, நேரம் போகுதில்ல" என்றார். அக்கா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை மரத்துப்போயிருக்கும். வாங்கிப் போன பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிரே இருந்தேன்.

வாசலில் அத்தானின் கார் வந்து நின்றது. "நேரமாச்சும்மா" என்றார் அந்த அம்மா.

மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என்னால முடியாதுடா. நீ எழுப்பு."

எழுப்பினேன்.